திரையோடு நடந்த அக்கா

இரண்டு வருடங்களுக்கு முன், வெசாக் பண்டிகை முடிந்த வாரத்தில் இது நடந்தது. ஊவா மாகாணத்தில் நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் வெசாக் விளக்குக் கூடுகளை இன்னும் கழற்றியிருக்கவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகும் நடைபாதை முழுக்க, மழையில் நனைந்து சாயம் போன கடதாசி வால்கள் தலையில் இடித்துக்கொண்டிருந்தன.

நான் பிசியோதெரபிஸ்ட். பதுளை டவுனில் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். கடைக்கு வருகிறவர்களிடம் என் அப்பா, "மக ஆஸ்பத்திரியில கை கால் பிடிச்சு விடுற வேலை" என்றுதான் பெருமையாகச் சொல்வார். நானும் திருத்துவதை விட்டுவிட்டேன். உண்மையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் என் முக்கியமான வேலை, பெரிய ஒப்பரேஷன் செய்தவர்களைக் கூடிய சீக்கிரம் கட்டிலை விட்டு எழுப்புவது. நிறையப் பேருக்கு இதைக் கேட்டால் கோபம் வரும். வயிற்றைக் கிழித்துத் தைத்த ஆளை மறுநாளே உட்கார வைப்பதா என்பார்கள். படுத்தே கிடந்தால் என்ன ஆகும் என்பதை நாங்கள்தான் பார்க்கிறோம். நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிச் சளி கட்டும். கெண்டைக்காலில் இரத்தம் உறையும். தசை கரையும் வேகத்தைப் பார்த்தால் பயமாக இருக்கும். கடைசியாக மனமும் படுத்துவிடும்.

அதற்காக யாரையும் தடாலடியாக இழுத்து நிறுத்துவதில்லை. எதையும் வரிசையாகப் பார்த்துப் பழகியவள் நான். இதயத் துடிப்பு, இரத்த அழுத்தம், ஒக்சிஜன் அளவு, வலி மருந்து வேலை செய்யத் தொடங்கிவிட்டதா, எந்தக் குழாய் எந்தப் பக்கம் போகிறது, நிற்கும் இடத்தில் தரை ஈரமா. எல்லாம் சரி என்றால்தான் கையை நீட்டுவேன்.

அந்த அக்கா கொஸ்லந்தைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து எடுப்பவர். நாற்பது வயதுக்குக் கிட்ட இருக்கும். பல நாளாக வயிற்று வலி என்று சொல்லியிருக்கிறார். தோட்டத்து மருந்துக் கடையில் வாயு மாத்திரையைக் கொடுத்துத் திரும்பவும் மலைக்கு அனுப்பியிருக்கிறார்கள். கடைசியில் கொழுந்து ஏற்றும் லொறியில் போட்டுக்கொண்டு வந்தபோது குடலில் ஓட்டை விழுந்து, வயிறு முழுக்கச் சீழ். டொக்டர்மார் பெரும்பாடு பட்டுக் காப்பாற்றினார்கள். செயற்கைச் சுவாசக் குழாயை எடுத்த அன்று, இவரை எழுப்பலாம் என்று பெரிய டொக்டர் என்னிடம் சொன்னார்.

போனேன். வரிசையெல்லாம் சரியாக இருந்தது. இருமும்போது தையலுக்கு மேல் தலையணையை அணைத்துப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தேன். அழகாகச் செய்தார். பாதத்தை மேலும் கீழும் அசைக்கச் சொன்னேன், அதையும் செய்தார். மெல்லப் பக்கவாட்டில் திரும்பி எழுந்து உட்காருவோமா என்றதும் முகம் மாறிவிட்டது.

"வேணாம் மிஸ். நான் இப்புடியே படுத்துக்கிறேன்."

"வலிக்குதா அக்கா?"

"வலியெல்லாம் இல்லீங்க. படுத்துக்கிறேனே."

மறுநாளும் அதே பதில். அதற்கு மறுநாளும் அதேதான். ஆனால் ஒரு விஷயம் எனக்குப் புரியவில்லை. நான் வேறு நோயாளியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது திரும்பிப் பார்த்தால், போர்வைக்குள் அவருடைய பாதங்கள் அசைந்துகொண்டிருக்கும். சொல்லிக்கொடுத்த மூச்சுப் பயிற்சியையும் யாருமில்லாதபோது ஒழுங்காகச் செய்தார். பார்வையாளர் நேரத்து மணி அடித்தால் போதும், மரக்கட்டை மாதிரி மல்லாந்து கண்ணை மூடிக்கொள்வார்.

இளம் டொக்டர் ஒருவர் ஒருநாள் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு சிரித்தபடி சிங்களத்தில் சொன்னார். தோட்டத்து ஆட்கள் இப்படித்தானாம், ஆஸ்பத்திரிக் கட்டில் கிடைத்தால் விடமாட்டார்களாம், சோம்பலாம். செங்குத்தான மலையில், கொழுந்துக் கூடையின் கயிறு தலையை அழுத்த, மழையிலும் அட்டைக் கடியிலும் நாள் முழுக்க நிற்கிற பெண் சோம்பேறி. வாகனத்தை விட்டு இறங்கி லிப்ட் தேடுகிற நாங்கள் சுறுசுறுப்பு. பதில் சொல்ல வாயெடுத்தேன். அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டிருந்தார்.

அன்று மாலை வாசலில் செருப்புக் கழற்றும் இடத்தில் அக்காவின் தங்கையைப் பிடித்தேன். அந்தப் பெண் தினமும் பஸ் மாறி மாறி வருவாள். வாசல் காவலாளி ஒவ்வொரு நாளும் அவளை நிறுத்தி வைத்து ஏதாவது கேட்டுவிட்டுத்தான் உள்ளே விடுவார்.

"அக்காவுக்கு வலி தாங்க முடியலையா?" என்று கேட்டேன்.

"வலியெல்லாம் அவ பாத்துக்குவா மிஸ். அது அவளுக்குப் பெருசில்ல."

"பின்ன ஏன் எழும்ப மாட்டேங்கிறாங்க?"

அவள் அக்கம்பக்கம் பார்த்தாள். "எழும்பிட்டா சொகமாயிருச்சுன்னுதானே மிஸ் அர்த்தம்?"

"நல்லதுதானே அது?"

"ஆஸ்பத்திரிக்கு நல்லது. எங்களுக்கு இல்ல."

பிறகு அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர்கள் தோட்டத்தில் காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களைக் கணக்கெடுக்கும்போது ஒருவர் வரவில்லை என்றால், நோய் என்று சொன்னால் மட்டும் போதாதாம். குடியிருக்கும் லயத்துக்கு ஆள் அனுப்பிப் பார்ப்பார்களாம். படுத்திருந்தால் நோய். எழுந்து நடமாடினால் நோய் இல்லை. அங்கே டொக்டரும் வேண்டாம், மொனிட்டரும் வேண்டாம். கண்ணால் பார்த்தால் போதும்.

"எங்க லயத்துல ஒரு பொம்பள காய்ச்சலோட தண்ணிப் பீலிக்குப் போச்சு மிஸ். கொடம் தூக்கத் தெரியுது, கூடை தூக்கத் தெரியாதான்னு பெரட்டுல அத்தன பேர் முன்னுக்கும் கேட்டாங்க. அன்னையிலேர்ந்து நோய்னா நாங்க பகல்ல வாசப்படி தாண்ட மாட்டோம். ஆத்தா எங்கன்னு யாராச்சும் கேட்டா, படுத்திருக்குன்னு சொல்லணும்னு பிள்ளைங்களுக்கே தெரியும்."

"இது ஆஸ்பத்திரி. இங்க யார் வந்து பாக்கப்போறா?"

"வருவாங்க மிஸ். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வர்றேன்னு சொல்லியிருக்காரு. மச்சான் கொழும்புல ஹோட்டல்ல வேலைக்கு நிக்கிறாரு. தோட்டத்துப் பதிவுல இருக்கிறது அக்கா பேரு மட்டுந்தான். அதை வெட்டிட்டா லயத்துக் காம்பராவும் போயிரும். பிள்ளைங்கள எங்க கொண்டு வைப்பா?"

இதுதான் விஷயம். குடலில் ஓட்டை விழுந்து பிழைத்த பெண், தான் பிழைத்துவிட்டது வெளியே தெரியக்கூடாது என்று படுத்துக் கிடந்தார். எழுந்தால் வீடு போய்விடும் என்று பயம். எழும்பாவிட்டால் உயிரே போய்விடும் என்பது அவருக்குச் சரியாகத் தெரியாது. எனக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பேசினேன். இது தீவிர சிகிச்சைப் பிரிவு, வீட்டு ஆள் ஒருவரைத் தவிர யாரையும் உள்ளே விடமாட்டார்கள், தோட்டத்து ஆள் யாரும் வர முடியாது என்று சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்தார்.

"நெசமாவா மிஸ்?"

"நெசமாத்தான்."

"அப்ப புடிங்க" என்று கையை நீட்டினார்.

கட்டில் ஓரத்தில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்தார். தலை சுற்றியது, நின்றது. பிறகு என் தோளைப் பிடித்து எழுந்து நின்றார். கால்கள் நடுங்கின. பக்கத்திலிருந்த கதிரைக்கு மெல்ல மெல்ல வந்து உட்கார்ந்ததும் ஜன்னலைப் பார்த்தார். "ஐயோ, வெயிலு" என்றார். மொனிட்டரில் ஒக்சிஜன் அளவு ஏறிக்கொண்டே போனது. எங்கள் பிரிவின் பொறுப்புத் தாதி, சிங்கள அம்மா, தூரத்திலிருந்து எனக்குக் கட்டைவிரலைக் காட்டினார்.

அடுத்தடுத்த நாட்களிலும் கதிரையில் உட்கார்ந்தார். சனிக்கிழமை பார்வையாளர் நேரம் தொடங்கியபோதும் கதிரையில்தான் இருந்தார். படுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார், தேவையில்லை என்றேன். அப்போது கதவு திறந்தது. மடிப்புக் கலையாத சேட்டும் பளபளக்கும் சப்பாத்துமாக ஒருவர் உள்ளே வந்தார். கையில் ஒரு பால்மா டின். வாசலில் "தோட்டத்து ஆபீஸிலிருந்து" என்று சொன்னாராம், காவலாளி கதவைத் திறந்தே விட்டாராம். கூடப்பிறந்த தங்கை ரப்பர் செருப்போடு வெளியே நின்றுகொண்டிருந்தாள். ஒருவருக்குத்தான் அனுமதியாம்.

அக்காவின் முகத்தில் இரத்தமே இல்லை.

"பரவால்லையே" என்றார் கணக்கப்பிள்ளை. "கதிரையில சாஞ்சு ஜம்முன்னு இருக்கீங்க. அங்க என்னமோ உசுரு போகுதுன்னு சொன்னாங்க."

"இல்லீங்கய்யா. இவங்கதான் தூக்கி உக்கார வச்சாங்க. நானா உக்காரல."

அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். "அப்புடியே இங்கிட்டுப் பாருங்க. தோட்டத்துத் தொரை எப்படி இருக்காங்கன்னு கேட்டாரு, காட்டணும்."

நான் நடுவில் போய் நின்றேன். "போனை வைங்க."

"நீங்க யாரு மிஸ்?"

"இவங்கள உக்கார வச்ச ஆள்."

"அப்ப நல்ல வேலை செஞ்சிருக்கீங்க." சிரித்தார். "உக்கார முடிஞ்சவங்களுக்குக் கொழுந்து எடுக்க முடியாதா என்ன? சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

எனக்குக் குரல் உயர்த்திப் பேசி வழக்கமில்லை. அன்றும் உயர்த்தவில்லை. "வயித்துலேர்ந்து ஒரு குழாய் வருது, தெரியுதா? அது போற பையைக் குனிஞ்சு பாருங்க. மூக்குல இருக்கிறது ஒக்சிஜன். இந்த அக்கா உக்காந்திருக்கிறது சொகமானதால இல்ல, சொகமாகிறதுக்கு. இது மருந்து. மருந்து குடிக்கிறவங்களையும் இப்படித்தான் படம் எடுப்பீங்களா?"

"கோவிச்சுக்காதீங்க மிஸ். நான் சொல்றதைச் செய்யிற ஆளு."

அதற்குள் பொறுப்புத் தாதி வந்துவிட்டார். நாங்கள் பேசியது முழுதாகப் புரியாவிட்டாலும் கையிலிருந்த போன் அவருக்குப் புரிந்தது. "மாத்தயா, போன் உள்ளுக்கு வாணாம். வெளிய போங்க" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிக் கதவைக் காட்டினார். கணக்கப்பிள்ளை போனைப் பையில் போட்டுக்கொண்டு, பால்மா டின்னை மேசையில் வைத்துவிட்டுப் போனார். படம் எடுத்தாரா, இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "படுக்க வைங்க மிஸ்" என்று மட்டும் சொன்னார்.

அதன்பிறகு அசையவே இல்லை. போர்வைக்குள் பாதங்கள்கூட நின்றுவிட்டன. ஞாயிறு முடிந்து திங்களன்று நான் வந்தபோது காய்ச்சல் இருந்தது. நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டால் கீழ்ப்பக்கம் காற்றே போகவில்லை. ஒக்சிஜனைக் கூட்டியிருந்தார்கள். இப்படியே போனால் திரும்பவும் குழாய் போட்டு மெசினில்தான் வைக்க வேண்டும் என்று பெரிய டொக்டர் சொன்னார். ஒரு முறை அதிலிருந்து மீண்டவர், பலவீனமான உடம்போடு இன்னொரு முறை மீள்வது சந்தேகம்தான்.

அன்று எனக்கு யார் யார் மேலெல்லாம் கோபம் வந்தது என்பதை இப்போதும் வரிசையாகச் சொல்ல முடியும். வாயு மாத்திரை கொடுத்தவர். சோம்பல் என்ற டொக்டர். சப்பாத்துக்குத் திறந்து ரப்பர் செருப்புக்கு மூடிய கதவு. படம் கேட்ட துரை. சொன்னதைச் செய்கிற ஆள். ஆனால் எல்லாவற்றையும்விட, ஒரு மனுஷி நோயாளி என்பதை நிரூபிக்க நோயாளியாகவே கிடக்க வேண்டும் என்று இத்தனை காலமாகப் பழக்கி வைத்த அந்த ஏற்பாட்டின் மேல்தான் அதிகக் கோபம். சட்டையைப் பிடித்து உலுக்க அது ஓர் ஆள்கூட இல்லை.

பொறுப்புத் தாதியிடம் முழுக் கதையையும் சிங்களத்தில் சொன்னேன். அவர் கடைசி வரை கேட்டார். பிறகு எழுந்துபோய், நோயாளிகளுக்கு உடுப்பு மாற்றும்போது மறைப்பதற்காக வைத்திருக்கும் சில்லு வைத்த பச்சைத் துணித் திரையைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"நங்கி, அவங்களுக்குப் பிரச்சினை நடக்கிறது இல்லையே. பார்க்கிறதுதானே?" என்றார் சிங்களத்தில்.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். இந்தமுறை யாரும் வரமாட்டார்கள் என்று சொல்லவில்லை. "யார் வந்தாலும் தெரியாது. திரை உங்களோடயே வரும். ஆனா இன்னைக்கு எழும்பலைன்னா திரும்ப மெசின்தான் அக்கா. அதுக்கப்புறம் பேரும் வேணாம், காம்பராவும் வேணாம்னு ஆயிரும்." கடுமையான பேச்சுதான். வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அவர் கதவைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். பிறகு, "திரை நல்லா மறைக்குமா?" என்று கேட்டார்.

நடந்தோம். ஒரு கையால் வயிற்றில் தலையணையை அணைத்துக்கொண்டு மற்றக் கையால் என்னைப் பிடித்தபடி அவர். சிற்றூழியர் ஒருவர் ஒக்சிஜன் சிலிண்டரை உருட்ட, கதவுப் பக்கம் மறையும்படி பொறுப்புத் தாதி திரையைத் தள்ளிக்கொண்டே வந்தார். எண்ணெய் காணாத சில்லு கீச் கீச் என்று கத்தியது. நாங்கள் நின்றால் திரையும் நின்றது. அடுத்த கட்டிலில் இருந்த பெண்மணி முகமூடிக்குள்ளிருந்து சிரித்தார்.

"தேரு இழுக்கிற மாதிரி இருக்கு மிஸ்" என்றார் அக்கா, மூச்சு வாங்கிக்கொண்டே. "தேங்கா ஒடைக்கத்தான் ஆளில்ல."

நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் தாதி வாய்விட்டுச் சிரித்தார். சிற்றூழியரும் சிரித்தார். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்தப் பச்சைத் துணியைப் பார்க்கப் பார்க்கக் கோபம்தான் வந்தது. உலகத்தில் எல்லா ஆஸ்பத்திரிகளிலும் நோயாளி முதல் முறை நடந்தால் சுற்றி நிற்பவர்கள் கைதட்டுவார்கள். வீட்டுக்காரர்கள் வீடியோ எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். இங்கே ஒரு பெண் எதையோ களவெடுத்ததுபோல், தன் சொந்தக் காலால் ஒளிந்து ஒளிந்து நடந்தார்.

ஆனால் நடந்தார். அன்று பின்னேரமும் நடந்தார். அடர்த்தியான சளி வெளியே வந்தது, காய்ச்சல் இறங்கியது, ஒக்சிஜனைக் குறைத்தார்கள். மெசின் பேச்சு நின்றது. வாட்டுக்கு மாற்றியபோது, நான் சொல்லாமலே அந்தத் திரையும் கட்டிலோடு போனது.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் இன்னொரு விஷயம் நடந்தது. பாரம் தூக்கக் கூடாது, மலை ஏறக் கூடாது, ஆனால் தினமும் நடக்க வேண்டும் என்று பெரிய டொக்டர் துண்டுச் சீட்டில் எழுதப் போனார். தங்கை பதறிவிட்டாள். "டொக்டர், நடக்கலாம்னு மட்டும் எழுதிறாதீங்க. அங்க அதை மட்டுந்தான் வாசிப்பாங்க." நான் அதைச் சிங்களத்தில் சொன்னபோது டொக்டரின் பேனா நின்றது. அவர் என்னைப் பார்த்தார். பிறகு அந்த வரியை விட்டுவிட்டு, வேலைக்குத் தகுதியில்லை, ஓய்வு என்று மட்டும் எழுதிக் கையெழுத்து வைத்தார். அக்காவும் நானும் மிக நன்றாகச் செய்த ஒரு வேலையை, செய்ததாகக் காகிதத்தில் எழுத முடியாமல் போனது.

அதற்குப் பிறகு ஒருநாள் அக்கா கிளினிக்குக்கு வந்திருந்தார். தங்கை சக்கர நாற்காலியில் என் அறைக்குள் தள்ளிக்கொண்டு வந்தாள். முழங்கால் வரை போர்வை, தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. இவ்வளவு பாடுபட்டும் விழுந்துவிட்டாரே என்று ஓடிப்போனேன்.

"கதவைச் சாத்துங்க மிஸ்" என்றார், மெல்லிய குரலில்.

சாத்தினேன். போர்வையை எடுத்துத் தங்கையிடம் கொடுத்தார், எழுந்தார், சுவர் வரை விறுவிறுவென்று போய்த் திரும்பி வந்தார். பிறகு குந்தி உட்கார்ந்து, எதையும் பிடிக்காமல் எழுந்து காட்டினார்.

"காம்பராக்குள்ள கதவைச் சாத்திக்கிட்டு நீங்க சொன்ன மாதிரியே நடக்கிறேன். அடுப்புலேர்ந்து கட்டில் வரைக்கும், கட்டில்லேர்ந்து அடுப்பு வரைக்கும். நிக்காம ஓடுறேனாம், பிள்ளைங்க என்னைய மாவு மில்லுங்குதுங்க" என்று சிரித்தார்.

"தோட்டத்துல பேரு?"

"இருக்கு மிஸ். இன்னும் இருக்கு."

"அப்ப இந்த நாற்காலி எதுக்கு?"

"வெளிய வரிசையில எங்க தோட்டத்து ஆளுங்க ரெண்டு பேர் உக்காந்திருக்காங்க" என்றாள் தங்கை.

அக்கா திரும்பவும் உட்கார்ந்தார். போர்வையை இழுத்துவிட்டு, தலையைச் சாய்த்து, கண்களைப் பாதி மூடிக்கொண்டார். சற்று முன் என் அறையில் குந்தி எழுந்த பெண் அவர்தான் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். தங்கை தள்ளிக்கொண்டு போனாள். வரிசையில் இருந்தவர்கள் பாவம் என்று உச்சுக்கொட்டி வழி விட்டார்கள்.

இப்போதும் ஒரு நோயாளியைக் கட்டிலிலிருந்து எழுப்புவதற்கு முன் இதயத் துடிப்பு, இரத்த அழுத்தம், ஒக்சிஜன், வலி, குழாய்கள், தரை என்று வரிசையாகத்தான் பார்க்கிறேன், ஆனால் அந்த வரிசையின் முடிவில் எந்தப் படிப்பும் எனக்குச் சொல்லித் தராத ஒரு கேள்வியையும் கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டுகிறேன்: நீங்கள் நடப்பதை யார் பார்த்துவிடுவார்கள் என்று உங்களுக்குப் பயமாக இருக்கிறது?